பதினாலாவது இலை

1934ஆம் வருஷம், ஜூன் நாலாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிஷம். வெயில் மண்டையைப் பிளந்தது. தியாகராய நகர் முழுவதிலும் ஓர் இலைகூட அசையவில்லை. பதிமூன்று பேரைப் பட்டினி போடும் காரியத்தை நான் தொடங்கியது அப்போதுதான்.

அப்பா கடிதம் எழுதியிருந்தார்: இந்த மாதத்துக்குள் வேலை கிடைக்காவிட்டால் ஊருக்கு வந்து மாமாவின் மூக்குப்பொடிக் கடையில் உட்கார வேண்டும். (எனக்குப் பொடி ஆகாது. ஒரு சிட்டிகைக்கு ஒன்பது தும்மல்.) அதனால் நாயுடுவின் ஏஜென்சிக்குப் போனேன். வேலை தேடுகிறவர்களின் பெயரைப் பதிந்துகொண்டு, ஆள் தேடுகிறவர்களிடம் அனுப்புவது அவர் தொழில். புது வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த அந்தப் பேட்டையில் குமாஸ்தாவுக்கும் சமையல்காரனுக்கும் நல்ல கிராக்கி.

"வெளியே பெஞ்சில் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள், ஸார். ஆறு பேர் தூங்குகிறார்கள்" என்றேன், உள்ளே நுழைந்ததும்.

நாயுடு நிமிர்ந்து பார்த்தார். "எண்ணிக்கினு வந்தியா? எனக்கே ஒரு ஆளு தேவை கீது. இந்தத் தொழில்ல இன்னா அனுபவம் கீது உனுக்கு?"

"வேலை தேடின அனுபவம் பதினோரு மாதம். முப்பத்தொரு இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்."

"அட நைனா, என்னைவிட உனுக்குத்தான் ஜாஸ்தி தெரியும்!" என்று சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அடுத்த தெரு வக்கீல் வீட்டுக்கு அவர் அனுப்பிய மூன்று சமையல்காரர்களும் திரும்பி வந்துவிட்டார்கள். "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அந்த ஊட்ல ஒரு ஆளை நிறுத்து. மாசம் பதினெட்டு ரூபா உனுக்கு. இல்லேன்னா பெஞ்சில போய் இருபதாவது ஆளா குந்து."

எனக்குத் தெரிந்த சமையல்காரன் உலகத்திலேயே ஒருவன்தான்: மயிலாப்பூரில் நான் தங்கிச் சாப்பிட்ட சேஷு ஐயர் மெஸ்ஸின் கிட்டு. ஐயாயிரத்து நாற்பது அடி நடந்தேன். (ஒரு மாடு துரத்தியபோது ஓடியதைச் சேர்க்கவில்லை.)

"கிட்டு, இங்கே பன்னிரண்டு ரூபாய். அங்கே பதினஞ்சு. சாப்பிடறவா மூணே பேர்."

கையில் இருந்த கரண்டி நின்றது. "மூணு பேரா? இங்க பதினாலுன்னா! அதுல நீங்க ஒருத்தரே ரெண்டு பேருக்குச் சமம்!" சொல்லிக்கொண்டே மூட்டையைக் கட்டிவிட்டான்.

நாலு மணி நாற்பது நிமிஷத்துக்கு வக்கீல் வீட்டு அடுப்பு எரிந்தது. நாயுடு முதுகில் தட்டி ரிஜிஸ்தரைக் கொடுத்தார். முத்து முத்தாக முதல் வரி எழுதினேன்: "கிட்டு. முன்பு வேலை பார்த்த இடம்: சேஷு ஐயர் மெஸ். அழைத்து வந்தவர்: நான்." மயிலாப்பூருக்குத் துள்ளிக்கொண்டு போனேன். நல்ல பசி.

மெஸ்ஸில் பதிமூன்று பேர் வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பதினாலாவது இலை எனக்காகக் காத்திருந்தது. மாட்டைத் தவிர அன்று எல்லாவற்றையும் எண்ணிய நான், அதை மட்டும் எண்ணவில்லை.

"எவனோ ஏஜெண்டாம்! கிட்டுவைக் கிளப்பிண்டு போயிட்டான்!" என்று சேஷு மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"அக்கிரமம், மாமா!" என்றேன். கூட்டத்திலேயே உரக்கச் சொன்னவன் நான்தான். அன்று ஆளுக்கு இரண்டு வாழைப்பழம்.

மறுநாள் காலை ஏஜென்சிக்கு முதல் வாடிக்கைக்காரர் வந்தார். சேஷு மாமா! மேஜைக்குக் கீழே குனிந்தேன். தொப்பை இடம் கொடுக்கவில்லை.

"இன்னிக்கு ராத்திரிக்குள்ள ஒரு சமையல்காரன் வேணும்" என்றவர், விரித்திருந்த ரிஜிஸ்தரைப் பார்த்தார். என் கையெழுத்து ரொம்பத் தெளிவு. "அடப்பாவி! நீதானா?"

நாயுடுவுக்கு விஷயம் புரியக் கால் நிமிஷம் ஆயிற்று. "ஐயரே, ஆளு கிடைக்கிற வரைக்கும் இவனையே இட்டுக்கினு போ."

"எனக்குச் சமைக்கத் தெரியாது ஸார்! அனுபவமே கிடையாது!"

"நேத்து இங்க மட்டும் இன்னா அனுபவத்தோட வந்தே?"

அன்று இரவு நான் சாம்பார் வைத்தேன். உப்பு எவ்வளவு என்று யாரைக் கேட்பது? தலைக்கு ஒரு கரண்டி வீதம் பதினாலு கரண்டி போட்டேன். முதல் கவளத்திலேயே பதிமூன்று பேரும் எழுந்து, என்னை நடுவில் விட்டு ஊர்வலமாக ஓட்டலுக்கு அழைத்துப் போனார்கள். ஊருக்குத் திரும்ப வைத்திருந்த ரயில் காசு அங்கே தீர்ந்தது. மூக்குப்பொடிக் கடைக்கு இனி நினைத்தாலும் போக முடியாது. வேறு ஆள் கிடைக்கும்வரை இருபத்துமூன்று நாள் காலையும் இரவும் மெஸ்ஸில் கரண்டி, பகலில் நாயுடுவிடம் பேனா.

இன்றைக்கும் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று நான் வாய் திறந்தால் போதும், "வேற ஆள் பார்த்துண்டு வரேளா, இல்லே நீங்களே உள்ள வரேளா?" என்பாள் என் மனைவி. பேரன்கள் உடனே பதினாலு வரை எண்ணுவார்கள்.

ஓட்டலில் சாப்பாடு நாலணா. பதிமூன்று பேருக்கு மூன்று ரூபாய் நாலணா.

இல்லை, பொறுங்கள். நானும் சாப்பிட்டேன். மூன்று ரூபாய் எட்டணா.