அச்சுப் புளொக்கும் அக்காவின் சம்பந்தமும்

இருபத்தொரு வயதில் நான் ஒரு மேதையாக இருந்தேன். இது அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், நான் திறந்த றேடியோ திரும்பப் பாடாது என்பதும், நான் திருத்திய மணிக்கூடு ஒருநாளில் இரண்டு தடவை மட்டும் சரியான நேரம் காட்டும் என்பதும்தான். (இரண்டு தடவையாவது காட்டுதுதானே என்று நான் கேட்பேன்.)

எண்பதுகளின் நடுப்பகுதி, சண்டைக் காலம். யாழ்ப்பாணத்தை அடுத்த கொக்குவிலில் எங்கள் சனசமூக நிலையத்துக்கும் நீர்வேலியிலிருந்த ஒரு சனசமூக நிலையத்துக்கும் பொது அறிவுப் போட்டி வைப்பதென்று தீர்மானமாகியிருந்தது. எங்கள் அணிக்குத் தலைவி என் அக்கா வசந்தி. நீர்வேலி அணிக்குத் தலைவர் சிவபாலன், வங்கியில் வேலை. இந்தச் சிவபாலனுக்கும் அக்காவுக்கும்தான் அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். சாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் மட்டும் பிடிகொடுக்கவில்லை. "பெட்டையை நாலு பேருக்கு முன்னாலை ஒருக்காப் பாத்திட்டுத்தான் முடிவு சொல்லுவன்" என்று போட்டிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆகவே ஊருக்கு அது பொது அறிவுப் போட்டி. எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்கும் நாள்.

அதற்கு முன் அக்காவுக்கு இரண்டு சம்பந்தங்கள் கடைசி நேரத்தில் குழம்பியிருந்தன. அம்மா நேர்த்தி வைக்காத கோயில் வலிகாமத்தில் மிச்சமில்லை. முதலிரண்டு மாப்பிள்ளைமாருக்காகவும் படிக்காத அக்கா, இந்தப் போட்டிக்கு விடிய நாலு மணிக்கு எழும்பிப் படித்தாள். அவளுக்கு இந்தச் சம்பந்தத்தில் மனம் இருந்தது என்பது எனக்கே விளங்கியது என்றால் பாருங்கள்.

இப்படியான நேரத்தில் ஒரு நல்ல தம்பி என்ன செய்ய வேண்டும்? கதிரை தூக்கிப் போட வேண்டும், சோடா உடைத்துக் கொடுக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நானோ, போட்டியை நடத்தவிருந்த கணபதிப்பிள்ளை மாஸ்ரரிடம் போனேன்.

"கையை உயர்த்துறதெல்லாம் பழைய முறை, சேர். ஆர் முதல் பட்டனை அமத்தினது எண்டு லைற் எரிஞ்சு காட்டுற பெட்டி ஒண்டு நான் செய்து தாறன். ஒருதரும் சண்டை பிடிக்கேலாது."

மாஸ்ரர் மகிழ்ந்துபோனார். அப்பா மகிழவில்லை. "வயரும் பட்டனும் பற்றரியும் வச்சு இந்த நாளையிலை ஆராவது பெட்டி செய்வானோ? ஆமி வந்து கேட்டால் பொது அறிவு எண்டு சொல்லப்போறியோ?" என்றார். நியாயமான கேள்விதான். மேதைகள் நியாயமான கேள்விகளைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சேர்க்கிட் படம் ஒரு பழைய ஆங்கிலச் சஞ்சிகையில் இருந்தது. சிக்கல் பலகையில்தான். ஒரு பக்கம் மெல்லிய செப்புத் தகடு ஒட்டிய பிளாஸ்ரிக் பலகை வேண்டும். அதில் வேண்டிய கோடுகளை மட்டும் மூடிவிட்டு அமிலத்தில் போட்டால், மற்றச் செம்பெல்லாம் கரைந்து கோடுகள் வயர் மாதிரி மிஞ்சும். நான் அக்கா நகத்துக்குப் பூசும் கியூரெக்ஸால் கோடு கீறி இரண்டு பலகை செய்து பார்த்தேன். அமிலம் கியூரெக்ஸையும் தின்றது, கோட்டையும் தின்றது, என் வேட்டியில் பாதியையும் தின்றது. (அக்கா தன் கியூரெக்ஸ் எங்கே என்று இன்னும் தேடுகிறாள்.) மிச்சம் இருந்தது ஒரேயொரு பலகை. கொழும்பிலிருந்து வந்த ஒருவரின் உடுப்புப் பெட்டிக்குள் ஒளிந்து வந்தது. அது போனால் வேறு இல்லை. அமிலமும் முடிந்துவிட்டது. அந்த நாட்களில் கடையில் போய் வாயில் நுழையாத பெயருள்ள மருந்து ஏதும் கேட்டால், கடைக்காரர் முதலில் எங்கள் அப்பாவின் பெயரைக் கேட்பார்.

அப்போதுதான் எனக்குச் சூசை அண்ணையின் நினைவு வந்தது. குருநகர்க்காரர். யாழ்ப்பாண நகரில் ஓர் அச்சகத்தின் பின்னறையில், படம் அச்சடிக்கிற தகடான புளொக் செய்கிறவர். கலியாண அழைப்பிதழில் வரும் பிள்ளையார், மரண அறிவித்தலில் வரும் முகங்கள், எல்லாம் அவர் கைவேலை. படத்தைப் படம்பிடித்து, தகட்டில் இறக்கி, அமிலத்தில் போட்டு, வேண்டாததைக் கரைத்து எடுப்பார். எனக்கு வேண்டியதும் அதேதானே? இந்த யோசனை வேறொருவருக்கும் வரவில்லையே என்று நினைத்து, கொக்குவிலிலிருந்து யாழ்ப்பாணம் வரை சைக்கிளில் சிரித்துக்கொண்டே போனேன்.

நான் போன நேரம் ஆமி இருந்த கோட்டைப் பக்கம் இரண்டு வெடி கேட்டது. சூசை அண்ணை தலையை உயர்த்தாமலே என் பலகையையும் படத்தையும் வாங்கிப் பார்த்தார்.

"இது என்ன தம்பி, ரெயில் பாதையோ?"

"சேர்க்கிட், அண்ணை."

"கோடுதானே. பிள்ளையாரின்ரை தும்பிக்கையும் எனக்குக் கோடுதான். வச்சிட்டுக் கெதியாப் போம், சத்தம் கிட்ட வருது."

போகுமுன் படத்தின் மூலையில் கொட்டை எழுத்தில் 'வரதன்' என்று என் பெயரை எழுதினேன். பிற்காலத்தில் அருங்காட்சியகத்தில் வைக்கும்போது யார் செய்தது என்ற குழப்பம் வரக்கூடாது.

போட்டிக்கு முதல் நாள் போய்ப் பார்த்தேன். பலகை அருமையாக வந்திருந்தது. ஒரு கோடு உடையவில்லை. என் பெயரைத் தேடினேன். பெயர் வலமிருந்து இடமாக, கண்ணாடியில் பார்த்ததுபோல் கிடந்தது. முழுப் படமுமே அப்படித்தான்.

"அண்ணை, எல்லாம் இடம்வலம் மாறிக் கிடக்கு."

"எங்கை மாறிக் கிடக்கு? கொண்டாரும்."

அவர் பலகையை வாங்கினார். நான் வேண்டாம் என்று சொல்ல முதல் அதன்மேல் கறுத்த மையை உருட்டினார். ஒரு தாளை வைத்து அழுத்தி உரித்தார். தாளில் 'வரதன்' நேராகவும் அழகாகவும் இருந்தது.

"முப்பது வருசமா இந்தத் தொழில் செய்யிறன். என்ரை புளொக் ஒண்டும் பிழையா அடிக்காது" என்றார். அந்தத் தாளையும் எனக்கு இலவசமாகத் தந்தார்.

அவரில் ஒரு பிழையும் இல்லை. அச்சில் நேராக வரவேண்டிய எதையும் புளொக்கில் மாற்றித்தான் வெட்ட வேண்டும். அதுதான் அவர் தொழில். நான்தான், இதை அச்சடிக்கப் போவதில்லை என்று சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெயால் மையைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மூளை வேலை செய்தது. றான்சிஸ்ரர் மாதிரி மூன்று கால் சாமான்களைத் திருப்பிக் குத்தினால் சேர்க்கிட் வேலை செய்யும். பிறகு இருப்பது பலகையின் ஒரு விளிம்பில் இரண்டு பட்டன்களின் வயர், மற்ற விளிம்பில் இரண்டு லைற்றுகளின் வயர். படத்தில் இடப்பக்கம் இருந்தது பலகையில் வலப்பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். பட்டன் வயர்களை இடம்வலம் மாற்றி ஒட்டினேன். என் முதுகை நானே தட்டாத குறை. அந்த நேரம் பார்த்து அம்மா புட்டு ஆறுகிறது என்று கூப்பிட்டார். தின்றுவிட்டு வந்து லைற் வயர்களைச் சஞ்சிகையில் இருந்தபடியே ஒட்டினேன்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், இரண்டையும் மாற்றியிருந்தால் சரியாக இருந்திருக்கும். இரண்டையும் மாற்றாமல் விட்டிருந்தாலும் சரியாகவே இருந்திருக்கும். நான் பாதி வழி மட்டும் புத்திசாலியாக இருந்தேன்.

சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன். லைற் பெட்டியைக் குசினியில் அம்மாவுக்கு முன் வைத்து, நீள வயரை இழுத்துக்கொண்டு விறாந்தையில் நின்று அமத்தினேன்.

"எரியுதோ, அம்மா?"

"எரியுது, மோனை."

மற்றதையும் அமத்தினேன்.

"எரியுதோ?"

"எரியுது. கண்ணுக்கை குத்துது."

எது எரிகிறது, சிவப்பா பச்சையா என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்கு அம்மா மறுமொழி சொல்லவும் இல்லை.

அடுத்த நாள் பின்னேரம் நிலையம் நிறைந்துவிட்டது. கார் பற்றரியையும் வயர் தொங்கிய பெட்டியையும் நான் மேடைக்குத் தூக்கிக்கொண்டு வந்ததும், முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து பின்வரிசைக்குப் போனார்கள். பிரதம விருந்தினருக்குப் போக வழியில்லை. இரண்டாம் வரிசையில் மாப்பிள்ளையின் தாயார் நிமிர்ந்து இருந்தார். பக்கத்தில் அம்மா, சிரித்த முகத்தைக் கழற்றாமல். எங்கள் அணிக்குச் சிவப்பு, நீர்வேலிக்குப் பச்சை. மற்றவர் பார்த்து அமத்தக்கூடாது என்பதற்காகப் பட்டன்கள் மேசைக்கு அடியில். அமத்திவிட்டு மறுமொழி சொல்லாவிட்டால் ஐந்து புள்ளி வெட்டு.

முதற் கேள்வி. சிவப்பு எரிந்தது. அக்கா சரியாகச் சொன்னாள். கைதட்டல். இரண்டாவது, சிவப்பு. மூன்றாவது, சிவப்பு. நான் திரைக்குப் பின்னால் நின்று, அருங்காட்சியகத்தில் பெட்டியை எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சிவபாலன் ஒவ்வொரு கேள்விக்கும் தோள் குலுங்க அமத்துவது தெரிந்தது. அவர் எவ்வளவு கெதியாக அமத்தினாரோ அவ்வளவு கெதியாகச் சிவப்பு எரிந்தது. நாலாவதும் சிவப்பு. நீர்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு குரல், உரக்கவே:

"பெட்டையின்ரை தம்பி செய்த பெட்டிதானே. வேறை என்னெண்டு எரியும்?"

மாப்பிள்ளையின் தாயார் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் சிரிப்புக் கழன்றது.

ஐந்தாவது கேள்வி, எந்த வாழை எத்தனை மாதத்தில் குலை தள்ளும் என்பது. வாழைத் தோட்டக்காரரான நீர்வேலியாருக்குப் பால்குடிக்கும் காலத்திலிருந்து தெரிந்த விஷயம். சிவப்பு எரிந்தது. அக்கா திகைத்துப்போய் எழுந்தாள்.

"சேர், நான் அமத்தேல்லை."

"லைற் பொய் சொல்லாது, பிள்ளை" என்றார் மாஸ்ரர். "மறுமொழி?"

"எனக்குத் தெரியாது, சேர். நான் அமத்தவும் இல்லை."

"ஐஞ்சு புள்ளி வெட்டு."

அந்தக் கணத்தில்தான் எனக்குப் புட்டுக்கு முன்னும் புட்டுக்குப் பின்னும் நான் செய்தது இரண்டும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அக்காவைக் கள்ளி என்று ஒரு ஊர் நினைக்கிறது. பொய்க்காரி என்று மற்ற ஊர் நினைக்கிறது. மூன்றாவது சம்பந்தமும் போகிறது, அதுவும் என் கையால். எழுந்து நின்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். மேதை அப்படிச் செய்வானா? ஒருவருக்கும் தெரியாமல் இரண்டு லைற் வயரையும் மாற்றிவிட்டால் ஆறாம் கேள்வியிலிருந்து எல்லாம் சரி என்று, கம்பி வெட்டும் குறட்டை வாயில் கவ்விக்கொண்டு, பற்றரியும் பலகையும் இருந்த மேசைக்கடியில் தவழ்ந்து போனேன்.

ஒரு வயரைக் கழற்றினேன். குறடு வழுக்கி, பற்றரியின் இரண்டு தலைக்கும் குறுக்கே விழுந்தது.

படார் என்று ஒரு சத்தம், நீல நெருப்பு, ஒரு கூடைப் புகை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் குப்புறப் படுக்க ஒருவருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. நான் தலையைத் தூக்கிப் பார்த்தபோது மண்டபத்தில் ஒருவரும் கண்ணில் படவில்லை. எல்லாரும் தரையில் கிடந்தார்கள். பிரதம விருந்தினர் மாலையோடு கிடந்தார். இரண்டாம் வரிசை வாங்குப் பலகையின் கீழே அம்மாவும் மாப்பிள்ளையின் தாயாரும் முகத்துக்கு முகம் கிடந்தார்கள். அம்மாவின் குரல் மண்டபம் முழுதும் தெளிவாகக் கேட்டது.

"பயப்பிடாதையுங்கோ. என்ரை பெடியன்ரை வேலைதான்."

மாஸ்ரர் மேசைக்கடியில் குனிந்து, "வரதன், உதுக்குள்ளை என்ன செய்யிறீர்?" என்று கேட்டார். நான் எழுந்து நின்று, புளொக்கிலிருந்து புட்டு வரை எல்லாவற்றையும் சொன்னேன். தரையில் கிடந்தபடியே கேட்டார்கள். இருநூறு பேர் படுத்திருக்க ஒருவன் நின்று தன் மடத்தனத்தை விளக்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொன்னால் விளங்காது. "அக்காவிலை பிழை இல்லை" என்று முடித்தேன்.

சிவபாலன் எழுந்து சேட்டில் ஒட்டிய புழுதியைத் தட்டினார்.

"அப்ப முதல் நாலு கேள்விக்கும் முதல் அமத்தினது நான்?"

"ஓம், அண்ணை."

"ஐஞ்சாவதுக்கும்?"

"ஓம்."

"அது எனக்கு அப்பவே தெரியும். அவ அமத்தேல்லை எண்டு அவவின்ரை முகத்திலை தெரிஞ்சுது."

வாழைக்குலைக் கேள்விக்கு நடுவில் இவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று எல்லாருக்கும் விளங்கியது. தரையிலிருந்து சிரிப்பு எழும்பியது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் சிவபாலனின் தாயார் சிரிக்கவில்லை. எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த தூசியை ஆற அமரத் தட்டி, பின்வரிசையில் எழும்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் நேரே போனார்.

"ஐஞ்சு புள்ளி போனாலும் உங்கடை பெட்டை பொய் சொல்லேல்லை" என்றார். "ஆனால் ஒண்டு. கலியாணவீட்டு லைற்றுக்கு நாங்கள் வெளியிலை ஆள் பிடிப்பம்."

அவர் என்ன சொன்னார் என்பது அப்பாவுக்கு விளங்க அரை நிமிடம் பிடித்தது. அம்மா அதற்குள் அழத் தொடங்கியிருந்தார்.

மிச்சப் போட்டியைக் கையை உயர்த்தி நடத்தினார்கள். நீர்வேலி வென்றது. ஆவணியில் கலியாணம் நடந்தது. மணவறைக்குப் பத்து முழத்துக்குள் நான் வராமல் பார்த்துக்கொள்ள இரண்டு சித்தப்பாமாரை விட்டிருந்தார்கள்.

அக்காவும் அத்தானும் இப்போது கனடாவில் இருக்கிறார்கள். போன மாதம் தொலைபேசியில் அத்தானிடம், புது வீட்டுக்கு என்ன நிறம் பூசினீர்கள் என்று கேட்டேன்.

"நான் வெள்ளைக்குத்தான் அமத்தினன், மச்சான்."

"எரிஞ்சது?"

"நீலம்" என்றார். "முப்பத்தைஞ்சு வருசமா நான்தான் முதல் அமத்திறன். எரியிறது அவவின்ரை லைற்."