இங்கிலீஷில் வைத்த கண்

“இனிமே யார் என்ன சொன்னாலும் ‘பாத்துக்கலாம்’னு மட்டும் சொல்லாதீங்க,” என்றாள் மனைவி.

கேர்டேக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ஒரு சொல்தான் அவர் வேலைக்கே உலை வைத்திருந்தது. குழாய் சொட்டுகிறது என்றால் ‘பாத்துக்கலாம்’. மாடிப்படியில் விளக்கு எரியவில்லை என்றால் ‘பாத்துக்கலாம்’. அந்தச் சொல்லுக்கு ‘இந்த ஜென்மத்தில் நடக்காது’ என்றுதான் பொருள் என்பது அந்த அடுக்குமாடியில் எல்லோருக்கும் தெரியும். முதுகுக்குப் பின்னால் அவர் பெயரே ‘பாத்துக்கலாம்’ ஆகிவிட்டது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நேற்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்: “இன்னும் ஒரு புகார் வந்தா வேற ஆள்தான் பாக்கணும்.” வேலை போனால், மாடிப்படிக்குக் கீழே அவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறையும் போய்விடும்.

“அப்ப என்னதான் சொல்றது?”

மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருபவள். வாயைத் திறக்கவே கஷ்டப்படுகிறவர்களிடமிருந்தும் நாலு இங்கிலீஷ் வாக்கியம் கறந்துவிடுகிற கெட்டிக்காரி. “ஐ வில் கீப் அன் ஐ ஆன் இட். சொல்லுங்க.”

“ரெண்டு ஐ வருதே?”

“முதல் ஐ நீங்க. ரெண்டாவது ஐ கண்ணு. ஒரு கண்ணு வச்சுக்கறேன்னு அர்த்தம்.”

“அடிப்பாவி! கண்ணு வைக்கிறேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னா சும்மா விடுவாங்களா?”

“தமிழ்ல சொன்னாத்தான் சண்டைக்கு வருவாங்க. இங்கிலீஷ்ல சொன்னா தேங்க்யூம்பாங்க. ஆனா ஒண்ணு, சொல்லிட்டா கண்ணை எடுக்கக் கூடாது.”

அவர் அதைச் சட்டை மாட்டும்போது ஒருமுறை, செருப்பு மாட்டும்போது ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு மோட்டாரைப் போட்டுவிட்டு வாசல் கூடத்துக்கு வந்தபோது, செயலாளர் லிஃப்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கையில் மடக்கு நாற்காலி, மறுகையில் அவருடைய வயதான அப்பா.

“நான் திரும்பி வர்ற வரைக்கும் அப்பா இங்கதான் உக்காந்திருப்பாரு,” என்றார் செயலாளர்.

கேர்டேக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஐ வில் கீப் அன் ஐ ஆன் இட், சார்.”

செயலாளரின் புருவம் நெற்றிக்கு ஏறியது. “தே… தேங்க்யூ,” என்று தடுமாறிவிட்டுப் போனார்.

கேர்டேக்கருக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. இத்தனை வருஷ வேலையில் அந்த மனுஷன் வாயிலிருந்து வந்த முதல் நன்றி அது!

அதை வாசலில் நின்று கேட்டுவிட்டாள் கீழ் வீட்டு டீச்சர். “அண்ணே, சர்க்கரை தீர்ந்துபோச்சு. முனைக்கடை வரைக்கும் போய்ட்டு வந்துடறேன். நாயைப் பாத்துக்குறீங்களா? வீடு திறந்துதான் இருக்கு, அடுப்புல பால் வேற இருக்கு.”

“ஐ வில் கீப் அன் ஐ ஆன் இட்.”

“அடேயப்பா!” என்று வாயைப் பிளந்த டீச்சர் நாய்ச் சங்கிலியை அவர் கையில் திணித்தாள். அவள் தெருவில் இறங்குவதற்குள் இரண்டாம் மாடிப் பெண் தூங்கும் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியோடு கொண்டுவந்து நிறுத்தினாள். தையல்கடையில் ஒரு துணி வாங்க வேண்டுமாம். அவளுக்கும் அதே வாக்கியம், இப்போது கொஞ்சம் ராகத்தோடு.

நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. இந்தக் கட்டடமே நம்மை நம்பி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

நாய் குழந்தையைப் பார்த்துக் குரைத்தது. குழந்தை வீறிட்டது. இரண்டையும் பிரித்தாக வேண்டும், ஆனால் இரண்டும் கண்ணிலேயே இருக்க வேண்டும். யோசித்து, நாயைப் பெரியவரின் நாற்காலிக் காலில் கட்டினார். வாசலில் ஒரு பூனை போயிற்று. நாய் பாய்ந்தது. வழவழப்பான தரையில் பெரியவர் நாற்காலியோடு வாசல்வரை சவாரி போனார்.

“ஐயா, அடி பட்டுதா?”

பெரியவர் பதில் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரையே பார்த்தார். ‘பாவம், காது மந்தம் போல’ என்று கேர்டேக்கர் மனம் இளகியது.

நாயை அவிழ்த்து மோட்டார் அறைக் கதவின் கைப்பிடியில் கட்டினார். நாய் ஓர் இழு இழுத்தது. கதவு படாரென்று மூடித் தானே பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே. சுவிட்சும் உள்ளே. மோட்டார் மட்டும் ஜாலியாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கருகிய வாசனை வந்தது. பால்!

ஓடிப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் கண்ணை எடுக்கக் கூடாதே. தமிழில் சொல்லியிருந்தால் ஓடியிருப்பார். நாயை இடுப்பில் கட்டிக்கொண்டார். ஒரு கையால் தள்ளுவண்டியைத் தள்ளினார். மறுகையால் பெரியவரைப் பிடித்துக்கொண்டார். ஊர்வலம் டீச்சர் வீட்டுக்குள் நுழைந்து அடுப்பை அணைத்தது. பாத்திரத்தில் பால் இல்லை, கரிதான் இருந்தது.

திரும்பினால், மாடிப்படியில் தண்ணீர் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பி வழிகிறது! தள்ளுவண்டியை வாசல் கூடத்தில் இருந்த தன் மேஜைமேல் தூக்கி வைத்தார். பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்து, கவிழ்த்த வாளியில் அவர் காலைத் தூக்கி வைத்தார். நாயைத் தோளில் போட்டுக்கொண்டார். கணுக்கால் தண்ணீரில், மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார்.

அந்தக் கோலத்தில்தான் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். “என் பாத்திரம்!” என்று அலறினாள் டீச்சர். துணிப்பையைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் குழந்தையை வாரிக்கொண்டாள் மற்றவள். குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது.

செயலாளர் முழங்கால்வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு நேராக அப்பாவிடம் போனார். பெரியவர் மகன் காதில் ஏதோ முணுமுணுத்தார். பசிக்கிறது போலும்.

கேர்டேக்கர் கண்ணை மூடிக்கொண்டார். அறையில் என்னென்ன சாமான் இருக்கிறது, எதில் கட்டலாம் என்று மனசு கணக்குப் போட்டது.

“பால் போனா வாங்கிக்கலாம், தண்ணியைத் தள்ளிவிடலாம்,” என்றார் செயலாளர். “இவ்வளவு அமளியிலயும் ஒருத்தரையும் விட்டுட்டு நீங்க அசையலையாமே! இந்த மாதிரி ஆளை எங்க தேடுவேன்? வேலையில இருங்க.”

சொல்லிவிட்டுப் பூட்டை உடைக்க ஆள் கூப்பிடப் போனார்.

கேர்டேக்கருக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் தன்னைவிடப் பெரிய ஆள் இல்லை என்று தோன்றியது. மனைவியிடம் இதை எப்படியெல்லாம் சொல்ல வேண்டும்! பெரியவரின் காலைத் துடைத்துவிட்டுக்கொண்டே அவர் காதருகே உரக்கக் கேட்டார்:

“ஐயா, உங்க பையன் என்னை நம்பி உங்களை விட்டுட்டுப் போனாரே, நல்லா பாத்துக்கிட்டேனா?”

“எதுக்குக் கத்தறே? காது நல்லாத்தான் கேக்குது,” என்றார் பெரியவர். “என்னைப் பாத்துக்க ஆள் எதுக்குப்பா? உம்மேல ஒரு கண்ணு வச்சுக்கச் சொல்லித்தான் என்னை இங்க உக்கார வச்சுட்டுப் போனான்!”