எடை பார்த்து வைத்தியம் சொல்பவர்

நோயாளிக்கு வரும் தொல்லைகளில் நோய் இரண்டாவதுதான். முதலாவது, ஆப்பிள் பையோடு பார்க்க வருகிறவர். அவரை உங்களுக்குத் தெரியும். ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒன்றும் புரியாமலே "ம்... ம்..." கொட்டி, ஸ்கேன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துச் சன்னல் வெளிச்சத்தில் பார்த்து, பெருமூச்சு விட்டு, கடைசியில் அந்த வாக்கியத்தைச் சொல்வார்: "இத்தவிட நல்ல வைத்தியம் ஒண்ணு வந்துகீதே, டாக்டர் சொல்லல?"

போதும். அன்று அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

இப்படி நாலு பேர் சேர்ந்துவிட்டால் காசிமேட்டு மீன் ஏலம்தான். ஒருவர் முள்சீத்தாப் பழம் என்பார், அடுத்தவர் மலை மூலிகை என்று ஏற்றுவார். நான் மட்டும் சும்மா நிற்பேனா? நியூட்ரான் என்றேன்.

ஆம், நானும் அந்த இனம்தான். சாத்தாங்காட்டில் இரும்புக் கடை வைத்திருக்கிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ராயபுரத்து வால்டர் என் நெடுநாள் தோஸ்து. அவருக்குக் காதுக்குக் கீழே, உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய். கட்டியை அறுத்து எடுத்தாயிற்று, அடுத்தது கதிர்வீச்சு. அவரைப் பார்க்கப் போகும்போது பஸ்ஸிலேயே போனில் படித்துத் தேறிவிட்டேன். இந்தக் கட்டிக்கு வெளிநாட்டில் சில இடங்களில் நியூட்ரான் கதிர் கொடுக்கிறார்களாம். இங்கே கொடுக்கும் எக்ஸ்ரே கதிருக்கு எடையே கிடையாதாம். நியூட்ரானுக்கு எடை உண்டாம். எடை இல்லாத சாமானை எந்த இரும்புக் கடைக்காரன் மதிப்பான்?

வால்டரும் வாழ்நாள் முழுக்க டன் கணக்கில் தூக்கி இறக்கியவர். நான் சொன்னது அவருக்குச் சட்டென்று பிடித்துப்போயிற்று. "வெயிட்டே இல்லாதது இன்னா பண்ணிடப் போவுது மாமு?" என்று சொல்லி, கதிர் கொடுக்கும்போது தலை அசையாமலிருக்கப் போடும் மாஸ்க்குக்கு முகத்தில் அளவெடுக்க வேண்டிய நாளன்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் படுத்துவிட்டார்.

அவர் மனைவி அடைக்கலமேரி நேரே என் கடைக்கு வந்தார்.

"இன்னாண்ணே சொல்லிட்டு வந்த? நியூட்ரான் வந்தாத்தான் எழுந்திருப்பேன்னு அந்த ஆளு குந்திகினு கீறாரு. அது எங்க கீது?"

"நம்மூர்ல இல்லம்மா..."

"அப்ப இன்னாத்துக்குச் சொன்ன?"

நல்ல கேள்வி. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் இருவரையும் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். அங்கேயாவது வாயை மூடிக்கொண்டிருந்தேனா? "உங்க கதிருக்கு வெயிட் உண்டா சார்?" என்று கேட்டேன். "கிடையாது" என்றார் டாக்டர். நான் ஜெயித்துவிட்ட தோரணையில் வால்டரைப் பார்த்தேன்.

டாக்டர் வால்டரிடம் சொன்னார்: "நியூட்ரான் பலமானதுதான். கட்டியில பலமா விழுந்தா, பக்கத்துல இருக்கிற நல்ல சதையிலயும் பலமாத்தான் விழும். உங்களுக்கு இதுவே சரி. ஆனா தள்ளிப் போடாதீங்க. உள்ள ஏதாவது மிச்சம் இருந்தா வளர்ந்துடும். அப்புறம் எங்க கையிலயும் இல்ல."

வால்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை உயரத்தில் கிரேனில் உட்கார்ந்திருந்த மனிதர் பயந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

இப்போது வால்டர் கதிர்வீச்சுக்கு ஒழுங்காகப் போய்வருகிறார். துணைக்குப் போவது நான்தான். "கூட வா, வாயத் தொறக்காத" என்பது அடைக்கலமேரியின் உத்தரவு.

நீங்கள் நல்லவர், இப்படியெல்லாம் செய்யமாட்டீர்கள். ஆனாலும் கேட்டுவைக்கிறேன்: உமிழ்நீர்ச் சுரப்பி என்று படித்ததுமே, உங்கள் மைத்துனரின் நண்பருக்கு எங்கோ ஓரிடத்தில் ஏதோ கொடுத்து உடனே குணமானது ஞாபகம் வந்ததா, இல்லையா? வந்திருந்தால் அது உங்களோடேயே இருக்கட்டும். வால்டருக்கு இன்னும் பாதி சிகிச்சை பாக்கி இருக்கிறது.