பஸ் நிற்கிறது, பிரிவு ஓடுகிறது

ஒரு வேலைக்கு ஆள் எடுப்பது எப்படி என்பதை இந்த உலகம் எங்கள் நிறுவனத்திடமிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். பெருமைக்காகச் சொல்லவில்லை, ஆதாரத்தோடு சொல்கிறேன். ஒன்றேகால் வருடமாக நாங்கள் ஒரு தவறான ஆளைக்கூட வேலைக்கு எடுத்ததில்லை. எந்த ஆளையுமே எடுத்ததில்லை என்பது வேறு விஷயம்.

மாமா, உங்கள் மகன் டிரைவிங் பழகிவிட்டான், அங்கே எப்படி விண்ணப்பிப்பது, 'நீதான் ஆள் எடுக்கிற இடத்துலயே இருக்கியே' என்று குடும்பக் குழுவில் கேட்டிருந்தீர்கள். சித்தி முதல் சின்ன வாண்டு வரை எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கியிருந்தீர்கள். ஆகவே விவரமாகவே சொல்லிவிடுகிறேன். வேலைக்கு நடந்துகொண்டே பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. பக்கத்தில் லாரி ஹாரன் அடித்தால் அதை 'அம்மா' என்று எழுதிவிடுகிறது. நடுவில் சம்பந்தமில்லாமல் அம்மா வந்தால் அது லாரி. யாரும் பதற வேண்டாம்.

எங்கள் நிறுவனம் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய கிடங்கு. பொருள்களைப் பெட்டியில் போட்டு, ஒட்டி, அனுப்புவது தொழில். ஊரிலிருந்து ஊழியர்களை ஏற்றிவர ஒரு பஸ் உண்டு. அதை ஓட்டியவர் வயதாகி ஓய்வு பெற்றார். உடனே நிர்வாகம் விழித்துக்கொண்டது. இன்னொரு டிரைவரைச் சட்டென்று பிடித்துப் போடும் அநாகரிகத்தில் அது இறங்கவில்லை. 'ஓட்டுநர் தேர்வு மற்றும் பயணப் பண்பாட்டுப் பிரிவு' என்று ஒரு பிரிவைத் தொடங்கியது. ஒரு தலைவி, ஓர் ஆலோசகர், மதிப்பெண் போட இருவர், அந்த மதிப்பெண்ணைச் சரிபார்க்க ஒருவர், கடைசியில் இவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட நான். ஆறு பேர். டிரைவர் கிடைக்கும் நாள் வரை பிரிவு இயங்கும் என்று ஆணையில் தெளிவாக எழுதியிருக்கிறது. என் வேலையும், வேலையை நம்பி இந்த நாடு எனக்குக் கொடுத்திருக்கும் தங்கும் அனுமதியும் அதுவரைதான்.

பஸ் நிற்பதால் ஊழியர்கள் எல்லாரும் நெடுஞ்சாலை ஓரமாக நடந்து வருகிறோம். ஓரத்தில் நடைபாதை கிடையாது. அம்மா. ஆனால் நல்ல காற்று. தலைவி மட்டும் காரில் வருவார். அதற்கு ஒரு டிரைவர் இருக்கிறார். அவரை எங்கள் பிரிவு தேர்வு செய்யவில்லை. அதனால்தான் அவர் ஓட்டுகிறார்.

விளம்பரத்தை ஆலோசகர் எழுதினார். 'எங்கள் பயணத்தில் கைகோர்த்து, நிறுவனத்தை இலக்கை நோக்கிச் செலுத்தும் துடிப்பானவர் தேவை.' முதல் மாதம் மேடைப் பேச்சாளர்கள் இருவர் வந்தார்கள். இன்னொருவர் புதுக் கட்சி என்று நினைத்து வந்தார். நான் சேர்ந்த புதிது, வாய் சும்மா இருக்கவில்லை.

"மேடம், 'பஸ் ஓட்ட ஆள் தேவை'ன்னு போட்டுடலாமா?"

தலைவி என்னைப் பரிவோடு பார்த்தார். "அப்படிப் போட்டா யார் வருவாங்க தெரியுமா?"

"யாரு மேடம்?"

"பஸ் ஓட்டறவங்க."

அன்றிலிருந்து நான் யோசனை சொல்வதில்லை.

நேர்காணல் காலை எட்டரைக்கு, கிடங்கிலேயே. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒன்பதுக்கு மேல், சட்டை முதுகில் ஒட்ட, வாசலில் வந்து மூச்சு வாங்குவார்கள். 'நேரம் தவறியவர்.' முடிந்தது. மீதிப் பேருக்குச் செயல்முறைத் தேர்வு. கூட்ட அறையில் நாற்காலிகளை இரண்டிரண்டாக, நடுவே வழி விட்டு, பஸ் மாதிரி போடுவேன். முன் நாற்காலியில் விண்ணப்பதாரர் உட்கார்ந்து, காகிதத் தட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டும். உண்மையான பஸ் ஜன்னலுக்கு வெளியே, நாற்பது அடியில்தான் நிற்கிறது. அதன் கண்ணாடித் தூசியில் யாரோ விரலால் 'எழுப்பாதே' என்று எழுதியிருக்கிறார்கள். அதிலேயே ஓட்டச் சொல்லலாமே என்று ஒருமுறை ஒருவர் கேட்டார்.

"அது நியாயமில்லைங்க. ஓட்டத் தெரிஞ்சவங்களுக்குச் சாதகமாப் போயிடும்" என்றார் ஆலோசகர்.

இப்படிப்பட்ட சமத்துவத்தை வேறெங்கே பார்க்க முடியும், மாமா?

இனி நம் வீட்டு விஷயம். அத்தான் லாரி ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அக்கா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். மாதக் கடைசிக்குள் வேறு வேலையில் சேராவிட்டால் அத்தானின் அனுமதி போய்விடும். அத்தானோடு அக்காவும் குழந்தையும் மூட்டை கட்ட வேண்டும். நாலு சேர்ந்த கட்டாக வாங்கும் சோப்பை அக்கா ஒற்றையாக வாங்க ஆரம்பித்துவிட்டாள். சரி, நம் பஸ் சும்மாதானே நிற்கிறது என்று அத்தானை விண்ணப்பிக்கச் சொன்னேன். பதினோரு வருடம் கனரக வண்டி ஓட்டியவர். என்னோடு தங்கியிருப்பவர். அதனால் என்னோடேயே இருட்டில் கிளம்பி நடந்தார்.

"உள்ள போனதும் நான் உன் அத்தான் இல்ல. யாரோ" என்றார் வழியில்.

"சரி அத்தான்."

"இப்பவே பழகு."

"சரிங்க யாரோ."

"என்ன கேப்பாங்க?"

"உங்க பலவீனம் என்னன்னு கேப்பாங்க."

"இடது முட்டி."

"அதில்ல அத்தான். கேக்கறப்ப பலவீனமா இருக்கணும், யோசிச்சுப் பாத்தா பலமா இருக்கணும்."

அத்தான் யோசித்துக்கொண்டே நூறு அடி நடந்தார். "அப்ப வலது முட்டின்னு சொல்றேன்" என்றார்.

எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். பிரிவின் வரலாற்றில் அரை மணி முன்னால் வந்த முதல் விண்ணப்பதாரர். தலைவி கடிகாரத்தைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். அதுவும் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பாக்கறீங்க?" என்று ஆரம்பித்தார் ஆலோசகர்.

"கண்ணாடியிலதான் சார். அதுவும் பின்னாடி வண்டி வருதான்னு பாக்கறப்ப ஓரமாத் தெரிஞ்சா உண்டு."

"எல்லாரையும் சேத்து அழைச்சுட்டுப் போற குணம் உங்ககிட்ட இருக்கா?"

"உக்காந்து நாப்பது பேர். நின்னா இன்னும் பதினஞ்சு."

தட்டைக் கொடுத்தோம். அத்தான் முன் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத கண்ணாடியைத் திருப்பி வைத்தார். பிறகு அசையாமல் இருந்தார்.

"கிளம்புங்க" என்றார் தலைவி, பக்கத்தில் நின்றபடி.

"நீங்க படிக்கட்டுல நிக்கறீங்க மேடம். உள்ள போயிடுங்க."

தலைவி தன்னை அறியாமல் உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அத்தான் கியரைப் போட்டு மெதுவாக எடுத்தார். கொஞ்ச நேரத்தில் நிறுத்தினார். நிறுத்தியவர் நிறுத்தியதுதான். மதிப்பெண் போடும் இருவரும் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார்கள்.

"ஏன் நின்னுட்டீங்க?" என்றார் ஆலோசகர்.

"சிக்னல்."

"இங்க ஏதுங்க சிக்னல்?"

"இங்க ஏது சார் பஸ்ஸு?"

அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு அவசரக் கூட்டம் போட்டோம். ஆலோசகர் கோப்பை விரித்தார்.

"நேரத்துக்கு வந்திருக்கார் மேடம். லைசென்ஸ் இருக்கு. அனுபவம் இருக்கு. விபத்து ஒண்ணுகூட இல்ல."

"ஒரு குறைகூடவா இல்ல?"

"முட்டி வலிக்குதாம். ரெண்டும்."

"அது அவர் பலம்னு சொல்லிட்டாரே." தலைவி ஜன்னல் பக்கம் திரும்பினார். "இவரை எடுத்தா பஸ் ஓடிடுமே."

பஸ் ஓடினால் என்ன ஆகும் என்று ஆறு பேருக்கும் தெரியும். ஆணையில் எழுதியிருக்கிறதே. பிறகு தலைவி என்னிடமே கேட்டார்.

"நீங்க என்ன நினைக்கறீங்க?"

எடுக்கலாம் என்றால் என் நாற்காலி போகும். வேண்டாம் என்றால் அக்கா போவாள். மேசையில் தண்ணீர் இருந்தது. எடுத்துக் குடித்தேன். பதில் வரும் என்று எல்லாரும் பார்க்கப் பார்க்கக் குடித்தேன். மாமா, ஒரு கிளாஸ் தண்ணீரை எவ்வளவு நேரம் குடிக்கலாம் என்பதில் எனக்கு இப்போது நல்ல அனுபவம் உண்டு. கிளாஸ் காலியாவதற்குள் ஆலோசகர் துள்ளி எழுந்தார்.

"அதிகத் தகுதி" என்றார்.

இரண்டே சொல். பிரிவு பிழைத்தது. அத்தானை உள்ளே கூப்பிட்டார்கள். "உங்களை எடுத்திருக்கோம்" என்றார் தலைவி.

அத்தான் எழுந்து நின்று கையை நீட்டினார். வாழ்த்து வாங்கத்தான் நீட்டுகிறார் என்று தலைவி குலுக்கினார்.

"இல்ல மேடம். சாவி" என்றார் அத்தான்.

"என்ன சாவி?"

"பஸ் சாவி."

எல்லாரும் அன்பாகச் சிரித்தோம். நானும் சிரித்தேன். "உங்களை மாதிரி ஒருத்தரை பஸ்ல உக்கார வெச்சு வீணாக்குவோமா? எங்க பிரிவுல உங்களுக்கு ஒரு பதவி. நீங்கதான் இனி டிரைவர்களைச் சோதிக்கப் போறீங்க" என்றார் ஆலோசகர்.

"எனக்கு ஓட்ட மட்டும்தானே சார் தெரியும்?"

"அதனாலதான். ஒருத்தனை வேணாம்னு சொல்றதுக்கும் விஷயம் தெரிஞ்சிருக்கணும். நாங்க இதுவரைக்கும் தெரியாமலே சொல்லிட்டிருந்தோம்."

அத்தான் அப்போதுதான் முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார். நான் காகிதத் தட்டைப் பார்த்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

மாலையில் அக்காவிடம் சொன்னேன்.

"டிரைவர் வேலைதானேடா?"

"இல்லக்கா. டிரைவரைத் தேடற வேலை."

"வீட்டுலயே ஒருத்தர் இருக்காரே."

"அவர்தான் தேடப் போறார்."

"சரியான ஆளுங்கடா உங்க ஆபீஸ்காரங்க."

"ஆமாக்கா. சரியான ஆளை எடுக்கறதுதான் எங்க வேலையே."

"மாசக் கடைசிக்குள்ள பேப்பர் வந்துடுமில்ல?"

"வந்துடும்."

"அப்பத் தேடட்டும்" என்றாள்.

பேப்பரும் வந்துவிட்டது. அத்தானுக்கு இப்போது கழுத்தில் டை, மேசைமேல் பெயர்ப்பலகை, ஆறு மாதத் தகுதிகாண் காலம். முதல் சில நாள் சாப்பாட்டு வேளையில் வெளியே போய், ஓடாத பஸ்ஸின் டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். 'கள ஆய்வு' என்று தலைவி பாராட்டியதும் அதை விட்டுவிட்டார். வேலைக்கு மட்டும் நாங்கள் சேர்ந்தே நடக்கிறோம். வழியில் பேச்சு குறைந்துவிட்டது. இப்போதும் அவர் நூறு அடி முன்னால் போகிறார்.

நேற்று அத்தானின் முதல் நேர்காணல். ஒன்பதே காலுக்கு ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். வாசலிலேயே காலணியைக் கழற்றி, உள்ளே போன கல்லைத் தட்டிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும் உள்ளங்கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டார். டிரைவர்கள் காத்திருக்கும்போது அப்படித்தான் வைப்பார்கள். அத்தானும் வீட்டில் அப்படித்தான் வைப்பார்.

"ஏங்க லேட்டு?" என்றார் அத்தான்.

"நடந்து வந்தேன் சார்."

"ஏன் நடந்து வந்தீங்க?"

"இங்க வர்ற பஸ்ஸை ஓட்ட ஆள் இல்லையாம் சார்."

வந்தவர் கிண்டல் செய்யவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார். தலைவியும் ஆலோசகரும் அவரைப் பார்க்கவில்லை, அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தான் குனிந்து எழுதினார். எழுதியதைக் கோப்பில் வைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். 'சாக்குச் சொல்பவர்' என்றிருந்தது. ஆலோசகர் எட்டிப் படித்துவிட்டு அத்தானின் தோளைத் தட்டிக்கொடுத்தார். அத்தான் நன்றி சொன்னார்.

ஆகவே மாமா, உங்கள் மகனைத் தயங்காமல் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து பார்க்கும் உத்தியோகம்தான் வேண்டும் என்றால் பிரிவில் இன்னும் ஒரு நாற்காலி போட இடமிருக்கிறது, நானே போட்டு வைக்கிறேன். இல்லை, வண்டி ஓட்டத்தான் ஆசை என்று அடம்பிடித்தால் மட்டும் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இங்கே வந்தால் அவனை நிறுத்துவதற்குத்தான் எங்கள் ஏழு பேருக்கும் சம்பளம்.