உருளி மாமாவின் போக்குவரவு

திருவனந்தபுரத்து மழைக்குக் குடை வாங்காத ஒரே பிரஜை எங்கள் கரமனை உருளி மாமாதான். கல்யாணச் சமையல் அவர் தொழில். மழை பிடித்தால், தலையில் சுமந்துவரும் உருளியை, அந்தப் பெரிய வெண்கலப் பாத்திரத்தை, அப்படியே கவிழ்த்துக்கொண்டு நடப்பார். மேலே உருளி, கீழே ஈர வேஷ்டி. எதிரே வந்த ஜட்காக் குதிரை ஒன்று அவரைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பி ஓடியது. அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டால் தெருவில் பாதிப் பேர் முழிப்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒருநாள் மாமா கார் வாங்கிவிட்டார். வித்துராப் பக்கம் தேயிலைத் தோட்டத்து மேனேஜர் ஒருவர் சிலோனுக்கு வேலை மாறிப் போகவிருந்தார். அவர் விற்ற பழைய கார் அது. மாமா பின் ஸீட்டைக் கழற்றிவிட்டு அங்கே உருளியை உட்கார வைத்தார். வண்டி போட்ட சத்தத்தில் ஆற்றங்கரையில் ஜபம் செய்பவர்களுக்கு மந்திரம் மறந்துபோயிற்று.

"பேர் மாத்திண்டேளா மாமா? நாளைக்குச் சாயங்கால ரயில்ல மேனேஜர் போயிடறார். அப்புறம் கையெழுத்துக்கு எங்கே போவேள்? ஆயுசுக்கும் வண்டி அவர் பேர்லதான்" என்று பயமுறுத்தினேன். அப்போது நான் பி.ஏ. தேறி வேலை தேடிக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்ல நேரம் இருந்தது.

மறுநாள் மாமா வண்டிப் பதிவு ஆபீஸுக்குப் போய் வெற்றியோடு திரும்பினார்.

"எல்லாம் சரியாயிடுத்துடா! குமாஸ்தா ஒரே கேள்விதான் கேட்டார். 'போக்குவரவு நடந்நோ?'ன்னார். ஓ, வித்துரா வரைக்கும் நன்னா நடக்கறதேன்னேன். அப்புறம் இங்கே எதுக்கு வந்தீர், போய்க்கொள்ளும்னு அனுப்பிச்சுட்டார். தங்கமான மனுஷன்!"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இந்த ஊர் நில ஆபீஸ்களில் போக்குவரவு என்றால் போய் வருவதல்ல; சொத்தை வாங்கியவர் பேருக்கு மாற்றுவது. குமாஸ்தா அதுவரை நில ஆபீஸில் இருந்தவர். பழக்கதோஷம், காருக்கும் அதையே சொல்லிவிட்டார். மாமாவுக்கோ சாண் நிலம்கூடக் கிடையாது. அந்தச் சொல் அவர் காதில் விழ வழியே இல்லை.

இருவரும் திரும்ப ஓடி ஆபீஸில் பேர் மாற்றும் காகிதம் வாங்கினோம். மேனேஜரிடம் கையெழுத்து வாங்கத் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் வண்டி நின்றுவிட்டது.

"விட்டுடுங்கோ மாமா, இனிமே நடக்காது" என்றேன்.

"விடறதாவது! தள்ளுடா!"

தள்ளினேன். என் பி.ஏ. பட்டத்துக்கு அன்றுதான் முதல் உபயோகம்.

மேனேஜர் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மாமா காகிதத்தை நீட்டினார்.

"யார் பேருக்கு எழுதணும் சாமி?"

"பங்கஜம். என் ஆம்படையாள்."

மேனேஜர் சிரித்துவிட்டார். "அவங்க கார் ஓட்டுவாங்களா?"

"ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் அரைச்சு அரைச்சு அவ கை தேஞ்சுபோச்சு. உருளி மாமா சாம்பார்னு பேர் மட்டும் எனக்கு. அவ பேர்ல இந்த லோகத்துல ஒரு செம்பு கூட இல்லை. எழுதுங்கோ ஸார், ரயில் கிளம்பறது!"

மேனேஜர் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதினார். கையெழுத்து முடிவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. மாமா கூடவே ஓடி, காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் நின்றார்.

பேர் மாறியது. அதற்குப் பிறகு தினமும் காலையில் மாமா வாசலில் நின்றுகொண்டு, தெருவே கேட்க, "பங்கஜம், வண்டியை எடுத்துக்கட்டுமா?" என்று உத்தரவு கேட்பார். "எடுத்துக்கோங்கோ, பத்திரமா ஓட்டுங்கோ" என்று உள்ளிருந்து மாமியின் குரல் வரும். பெண்டாட்டியிடம் அனுமதி கேட்டு வண்டி எடுக்கிறாரே என்று ஊர் சிரித்தது. நானும் சிரித்தவன்தான். ஆனால் எனக்கும் ஒருநாள் கல்யாணம் ஆனால் இந்த மனிதரைப் போல இருக்கவேண்டும் என்று ஆசையாக இருந்தது.