நாற்பது அண்ணாச்சியின் எழுபத்தெட்டு

பொன்னைத் துறந்தவர்களை உலகம் கண்டிருக்கிறது. அரியணையைத் துறந்தவர்களையும் கண்டிருக்கிறது. வேகத்தை முற்றும் துறந்தவர் என்று எனக்குத் தெரிந்து ஒருவர்தான் உண்டு. அவர் தென்காசியில், எங்கள் தெருவில், வாடகை வேன் ஓட்டுகிறார். நாற்பது அண்ணாச்சி என்றால் சுரண்டை வரைக்கும் தெரியும். பெற்றோர் இட்ட பெயர் ஓட்டுநர் உரிமத்தில் இருக்கக்கூடும். அதை வாங்கிப் பார்க்கும் அவசியம் எந்தக் காவலருக்கும் நேர்ந்ததில்லை.

நாற்பது என்பது அவர் வயதன்று, அறுபதைக் கடந்துவிட்டார். அது அவருடைய வேன் செல்லும் வேகம். வண்டி கிளம்பியதும் முள் மெல்ல எழுந்து நாற்பதில் சென்று அமரும். அமர்ந்தபின் யோகத்தில் இருப்பவரைப் போல அசையாது. சாலையோரப் பலகை அறுபது என்று அனுமதித்தாலும் எண்பது என்று தாராளம் காட்டினாலும் அவருக்குப் பொருட்டில்லை. அவையெல்லாம் பிறருக்கு எழுதப்பட்டவை என்பது அவர் கொள்கை. வேனின் முதுகில், 'பின்னால் வருபவரே, முன்னால் செல்க' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார். மிதிவண்டிகளும் அந்த அழைப்பை ஏற்றுக்கொண்டு முன்னால் சென்றன.

சாரல் காலத்தில் வெளியூர்க்காரர்கள் அறியாமல் அவர் வேனில் ஏறிவிடுவார்கள். அவர்கள் ஏறும்போது அருவியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும். குற்றாலத்தில் இறங்கும்போது சீசன் முடிந்திருக்கும்.

"அண்ணாச்சி, கொஞ்சம் அமுத்துங்களேன். கூட்டம் வந்துரும்."

"எதுக்கு தம்பி? அருவி எங்கயும் ஓடிப்போவாது. அங்கனயேதான் விழுந்துகிட்டு இருக்கும்."

எதிர்வீட்டு மைதீன் வளைகுடாவில் வேலை பார்ப்பவர். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில், பழக்கத்துக்காக அண்ணாச்சியின் வேனில் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் புறப்பட்டார். செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் செல்கையில் தலைக்கு மேலே விமானம் ஒன்று பறந்தது. "உங்க பிளேனு நல்லா இருக்கு பாய்" என்று அண்ணாச்சி சொன்னாராம். மைதீன் அடுத்த வாரம் வேறு வண்டியில் சென்றார்.

இத்தனைக்கும் அவருக்கு வாடகை குறைந்ததில்லை. தெருவில் கருவுற்ற பெண்கள், கைக்குழந்தை உள்ளவர்கள், கண் அறுவை செய்துகொண்ட முதியவர்கள் அனைவரும் அவரைத்தான் அழைப்பார்கள். அடுத்த வீட்டுச் செண்பகம் ஆச்சியின் மகளுக்கு இந்தக் கதை நடந்தபோது ஏழாம் மாதம். "அண்ணாச்சி வண்டியில போனா வயித்துல உள்ள பிள்ளைக்குப் பயணம் போனதே தெரியாது" என்பார் ஆச்சி. நாற்பது என்ற அந்த எண்தான் அவருடைய மூலதனம், நற்சான்று, பிழைப்பு, எல்லாமும்.

திங்கட்கிழமைகளில் அந்த வேன் எனக்குரியது. குற்றாலநாதர் சந்நிதியில் உச்சிக்கால பூசையின்போது ஒரு பதிகம் ஓதுவது நெடுநாள் நியமம். பன்னிரண்டரைக்கு நடை சாத்திவிடுவார்கள். மழையிலும் காய்ச்சலிலும் அந்த நியமம் தவறியதில்லை.

சென்ற ஆவணியில் ஒரு திங்களன்று சுரண்டையில் உறவினர் வீட்டுப் புதுமனைப் புகுவிழா. காலையிலேயே திரும்பிவிடலாம் என்று அண்ணாச்சியோடு போனேன். இலை போட்டுவிட்டோம், உட்காருங்கள் என்று கையைப் பிடித்து அமர்த்திவிட்டார்கள். பாவூர்சத்திரம் கடந்து நான்குவழிச் சாலையில் ஏறியபோது என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு மணி ஐந்து நிமிடம். நாற்பதில் சென்றால் சந்நிதிக் கதவைத்தான் தரிசிக்க முடியும். அண்ணாச்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை. கண்களை மூடிக்கொண்டு, சந்நிதியில் ஓத வேண்டிய பதிகத்தை இருக்கையிலேயே ஓதத் தொடங்கினேன்.

"ஐயா, எறங்குங்க. கோயில் வந்துட்டு" என்ற குரல் கேட்டுக் கண் திறந்தேன். பன்னிரண்டு இருபது. உள்ளே பூசை மணி ஒலித்துக்கொண்டிருந்தது.

காலம் எனக்காக நின்றிருக்கிறது என்பதில் எனக்கு ஐயமே எழவில்லை. அன்று பூசை முடிந்ததும் மண்டபத்தில் இருந்தவர்களுக்கு அதை எடுத்துரைத்தேன். அடுத்தடுத்த வாரங்களிலும், கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் உரைத்தேன். கேட்டவர்களில் இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அண்ணாச்சி வெளியே வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாதம் ஒன்று கழிந்திருக்கும். அண்ணாச்சியின் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. எழுத்துச் சிறிதாக இருக்கிறதென்று, மீண்டும் விடுமுறையில் வந்திருந்த மைதீனிடம் நீட்டினார். மைதீன் ஒருமுறை படித்தார், மறுமுறை படித்தார், பிறகு தெரு முழுவதற்கும் கேட்கும்படி சிரித்தார்.

"அண்ணாச்சி, ஓவர் ஸ்பீடுன்னு உங்களுக்கு ஃபைன் போட்டிருக்காங்க! அறுபது போற ரோட்டுல எழுபத்தெட்டு போனீயளாம்!"

தெரு கூடிவிட்டது. படமும் இருந்தது. வேனின் முதுகு, அதில் 'பின்னால் வருபவரே, முன்னால் செல்க', அருகில் எழுபத்தெட்டு என்ற எண்.

"கேமராவுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கும்" என்றார் மைதீன். "எனக்குப் பிளேனைத் தவறவிட்ட வண்டி இது. நான் வந்து சாட்சி சொல்லுதேன்."

செண்பகம் ஆச்சி சிரிக்கவில்லை. "இது பொய்யின்னா பொய்யின்னு எழுதி வாங்கிட்டு வாங்க அண்ணாச்சி. நெசம்னா நான் எம்மவள இனி இந்த வண்டியில ஏத்த மாட்டேன். மத்தவங்களும் ஏத்த மாட்டாங்க."

அண்ணாச்சி முகத்தைத் துண்டால் துடைத்தார். "சின்ன விசயம். ஃபைனக் கெட்டிருதேன், விடுங்க."

செய்யாத குற்றத்தை ஏற்பதும் பொய்தான் என்று நான் கண்டித்தேன். தேதியைப் பார்த்தால், அது நான் உடனிருந்த அதே திங்கட்கிழமை. இதைவிட நல்ல சாட்சி யாருக்கு வாய்க்கும்? மறுப்பு மனுவை நானே எழுதித் தருவதாகச் சொன்னேன். அண்ணாச்சி என்னை ஒருமுறை பார்த்தார். "வேண்டாங்கய்யா" என்றார். அடக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

எழுதிய மனுவோடு போக்குவரத்துக் காவல் நிலையத்துக்கு அவரை அழைத்துப் போனேன்; அன்று முப்பத்தைந்தில்தான் சென்றோம். ஆய்வாளர் இளம்பெண், பொறுமைசாலி. மனுவைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"ஐயா, இதுல பதினோரு பத்தி இருக்கே?"

"பதிகத்துக்கு அதுவே மரபு. பதினோராவது பத்தியில், இம்மனுவை ஏற்போர் எய்தும் நன்மைகளைக் கூறியிருக்கிறேன்."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "சரிங்கய்யா. நீங்க வண்டியில இருந்தீங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு நேர்ல சொல்லுங்க."

சொன்னேன். பாவூர்சத்திரம் தாண்டியபோது பன்னிரண்டு ஐந்து, கோயில் வாசலில் பன்னிரண்டு இருபது, நடுவில் வேகம் எதையும் என் உடல் உணரவில்லை, அனைத்தும் அருள் என்று, நிமிடம் பிசகாமல் சொன்னேன். சாட்சியம் துல்லியமாக இருக்க வேண்டும் அல்லவா? அண்ணாச்சி பக்கத்தில் நின்று மூன்றுமுறை இருமினார். குடிக்கத் தண்ணீர் தரும்படி காவலரிடம் கேட்டேன்.

ஆய்வாளர் ஒரு துண்டுத்தாளை எடுத்தார். "அங்க இருந்து கோயிலுக்கு எத்தன கிலோமீட்டர்?"

"பதினேழு" என்றேன் பெருமையோடு.

"பதினேழு கிலோமீட்டர், கால் மணி நேரம். அப்போ மணிக்கு அறுபத்தெட்டு." பேனாவை மூடினார். "அதுவும் தென்காசி ஊருக்குள்ள நுழைஞ்சு வெளிய வந்து. ஹைவேயில எழுபத்தெட்டு போகாம இது முடியாதுங்கய்யா. கேமரா சரியாத்தான் சொல்லுது. நீங்களும் சரியாத்தான் சொல்லுதீங்க."

அந்தத் துண்டுத்தாளை வாங்கி நானும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபத்தெட்டேதான் வந்தது.

"நான்தான் மேடம் ஓட்டுனேன்" என்றார் அண்ணாச்சி. "எழுபத்தெட்டு சரிதான். எங்கன கையெழுத்துப் போடணும்?"

திரும்பும் வழியில் முள் நாற்பதில் அமர்ந்திருந்தது. அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"ஏன் சொல்லவில்லை?"

"என்னத்தச் சொல்ல?" சாலையைப் பார்த்தபடியே பேசினார். "கடிகாரத்தப் பாத்திய. அமுத்துன்னு ஒரு வார்த்த சொல்லல. கண்ண மூடிப் பாட ஆரம்பிச்சிட்டிய. ரெண்டு கண்ணுலயும் தண்ணி. எனக்குக் காலு தன்னால அமுங்கிட்டு. அப்புறம் எல்லாருகிட்டயும் சாமி பண்ணுச்சுன்னு சந்தோசமாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிய. நான் குறுக்க வந்து, சாமி இல்ல, நான்தான்னு சொல்லவா?"

தெருமுனையில் செண்பகம் ஆச்சி காத்திருந்தார். பின்னால் மைதீன். "என்ன அண்ணாச்சி, பொய்யின்னு எழுதித் தந்தாங்களா?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். அந்த ஒரு சொல்லோடு அவருடைய நாற்பது போய்விடும் என்பது எனக்குத் தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன். வேகம் உண்மை, அது எனக்காக, அன்று நின்றது காலமன்று, இவருடைய நியமம்தான், தம் நியமத்தைக் கெடுத்துக்கொண்டு என் நியமத்தைக் காத்தார் என்று, மண்டபத்தில் உரைத்த அதே குரலில் தெருவில் நின்று உரைத்தேன்.

"அப்போ நீங்க சொன்ன அற்புதம்?" என்றார் மைதீன்.

"அதுவும் நடந்ததுதான் பாய்" என்று அண்ணாச்சி இடைமறித்தார். "இந்த வண்டி எழுபத்தெட்டு போவும்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும்."

ஆச்சி வேனை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார், எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று. பிறகு, "வியாழக்கிழமை எம்மவளுக்கு செக்கப்பு. ஒம்பது மணிக்கு வாங்க. நாப்பதுக்கு மேல ஒரு முடி போனாலும் நான் பின்னால இருந்து பாத்துகிட்டு இருப்பேன்" என்றார்.

"ஆவட்டும் ஆச்சி."

அடுத்த திங்களன்று வேன் வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னதாகவே என் வாசலில் வந்து நின்றது.

அன்று முதல் திங்கட்கிழமைகளில் கைக்கடிகாரத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த வேனில் ஏறுகிறேன்.