நான் கண்டுபிடித்த தாமிரம்

கல்லை உடைத்துப் பார்க்காமல் அதற்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது நிலவியல் வகுப்பின் முதல் நாள் பாடம். அன்று நான் விடுப்பில் இல்லை. முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கோவையில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். இறுதியாண்டில் சேலம் பக்கம் பத்து நாள் களப்பயிற்சி. போகாவிட்டால் பட்டம் கிடையாது. வேலம்பாளையத்தில் சாயப்பட்டறை மாஸ்டராக இருந்த அப்பாவோ, "பொட்டப்புள்ள சுத்தியலத் தூக்கீட்டுப் பத்து நாளு காடு மேடெல்லாம் சுத்தறதா? வேண்டாங் கண்ணு" என்று முடித்துவிட்டார்.

அவரை மடக்க எனக்கொரு சாதனை தேவைப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊருக்கு வெளியே ஓடையில் அது கிடைத்தது. பச்சைப் பசேலென்று கற்கள். பச்சை என்றால் தாமிரத் தாது! (மனசுக்குள் அன்றே எனக்குச் சிலை திறந்தாகிவிட்டது.) அவ்வளவு அழகான கல்லை உடைக்க மனம் வரவில்லை. ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். பேராசிரியர் சுத்தியலை எடுத்ததும், "மியூசியத்துக்கு வெச்சுக்கலாங்க சார்" என்று பிடுங்கிக்கொண்டேன்.

"சரிம்மா, அங்கயே போய்ப் பாத்துடலாம்" என்றார்.

அடுத்த வாரம் பஸ் நிறைய மாணவர்கள் ஓடையில் இறங்கினார்கள். நான் ஒரு பாறைமேல் ஏறி நின்று, பூமிக்கடியிலிருந்து தாமிரம் எப்படி மேலே வந்தது என்று அரை மணி நேரம் முழங்கினேன். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அப்போதுதான் ஓடைத் தண்ணீர் ரோஸ் நிறமாக மாறியது. எல்லார் காலும் ரோஸ். பேராசிரியர் ஒரு கல்லை உடைத்தார். வெளியே பச்சை, உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக்கல்.

சத்தம் கேட்டு மேட்டிலிருந்த பட்டறை ஆட்கள் இறங்கி வந்தார்கள். முன்னால் அப்பா, முழங்கைவரை ரோஸ் சாயத்தோடு. கல்லை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம பாட்டில் கிரீன் சாயமுங்க சார். போன வாரத்து லாட்டு. இன்னிக்கு ரோஸு ஓடுதுங்க."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. (இந்தப் பக்கம் நிலநடுக்கம் அபூர்வம் என்று படித்திருந்ததால் அந்த நம்பிக்கையும் இல்லை.) களப்பயிற்சியும் போச்சு, பட்டமும் போச்சு என்று நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

சாயக்கையோடு நின்றவர் என் அப்பா என்று தெரிந்துகொண்ட பேராசிரியர் மட்டும் விடவில்லை. "அடுத்த மாசம் சேலத்துக்கு அனுப்பறீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். "மேட்டுல நின்னு பூராவுங் கேட்டனுங்க சார். சொன்னதெல்லாந் தப்பு. ஆனா அத்தன பேரும் வாயப் பொளந்துட்டுக் கேட்டாங்களே! கூட்டீட்டுப் போங்க. இங்கயே உட்டா, என்ற சாயத்துக்கெல்லாம் பேரு வெச்சுப்போடுவா."

போனேன். பட்டமும் வாங்கினேன். அதற்குப் பின் கல்லும் மண்ணுமாகவே என் பிழைப்பு நன்றாக நடந்தது. அன்று என் தப்பை மட்டும் பார்த்துவிட்டு அப்பா திரும்பிப் போயிருந்தால் இதில் எதுவும் இல்லை. அதை நினைக்காத நாள் குறைவு.

இன்றும் வீட்டில் புதுத்துணி நனைத்துச் சாயம் போனால், அப்பா வாளியை எட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். "கண்ணு, உன்ற தாமிரம் வந்திருக்குது, ஓடியா!"

நானும் ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்க்கிறேன்.